ஜன்னலுக்கு நேராக

"ஏலே மருதுபாண்டி, நீயெல்லாம் ஒரு மனுசனாலே?"

பிச்சையம்மாளுக்குக் கோபம் வந்தால் செருப்பு மாட்டக்கூட நேரம் இருக்காது. வெறுங்காலோடு பக்கத்து வீட்டு வாசலில் நின்றாள்.

ராமேஸ்வரத்தில் முதல் பஸ் ஏறி, பரமக்குடியில் மாறி, தம்பி இருளாண்டியைப் பார்க்க வந்தவள். வாயில் புற்று வந்து, கன்னத்தில் ஆபரேஷன் செய்து, நாலு மாசமாகப் படுத்துக் கிடக்கிறான் தம்பி. பேச்சும் இல்லை. மூக்கில் செருகிய டியூப் வழியாகத்தான் பாலும் கஞ்சியும்.

அவன் கட்டிலை ஒட்டி ஒரு ஜன்னல். அந்த ஜன்னல் வழியாகக் கோழிக்கறி வாசம் ஆளைத் தூக்கியது. எட்டிப் பார்த்தவளுக்கு வயிறு எரிந்தது. பக்கத்து வீட்டு மருதுபாண்டி தன் புகை அடுப்பைச் சுவரோரமாக நிறுத்தி, குழாயைச் சரியாக ஜன்னலுக்கு நேராகத் திருப்பி வைத்திருந்தான்.

அந்த அடுப்பை ஊரில் தெரியாதவர்கள் கிடையாது. மலேசியாவில் சமையல் வேலை பார்த்துவிட்டு வந்தபோது கொண்டு வந்தது. கரண்ட்டில் ஓடும். மரத்தூளை அமுக்கிச் செய்த குச்சிகளை ஒரு பக்கம் கொட்டினால், அதுவே கொஞ்சங்கொஞ்சமாக இழுத்து எரித்துக்கொள்ளும். முண்டு மிளகாயும் பூண்டும் அரைத்துத் தடவிய முழுக்கோழி அந்தப் புகையிலேயே நாலு மணி நேரம் வேகும். கறி இல்லாவிட்டால் மருதுபாண்டிக்கு ஞாயிற்றுக்கிழமை விடியாது என்று ஊரே கேலி பேசும்.

இன்னொன்றும் ஊருக்குத் தெரியும். மடைத் தண்ணீர்த் தகராறில் அவனுக்கும் இருளாண்டிக்கும் ஆறு வருசமாகப் பேச்சு கிடையாது.

"ஒரு வாய் சோறு எறங்காமக் கெடக்கான் எந்தம்பி. அவன் மூஞ்சிக்கு நேரா கறி வாசத்தக் காட்டுறியே. பகையத் தீக்க வேற வழி தெரியலையா ஒனக்கு?"

மருதுபாண்டி அடுப்பை விட்டு நகரவில்லை. "மெதுவாப் பேசுங்கக்கா. அவனுக்குக் கேட்டா சங்கடப்படுவான்."

"பண்றதையும் பண்ணிட்டு உபதேசம் வேறயா? மூக்கு முட்டத் திங்கிறவனுக்குப் பட்டினி கெடக்கிறவன் வயிறு எப்படித் தெரியும்?"

பிச்சையம்மாள் விடுவிடுவென்று போய், அடுப்பு ஒயரைப் பிடுங்கி மண்ணில் எறிந்தாள். புகை மெலிந்து நின்றது. மருதுபாண்டி ஜன்னலைத்தான் பார்த்தான்.

வீட்டுக்குள் வந்தபோது, பால் வாங்கப் போயிருந்த தம்பி பெண்டாட்டி முருகலட்சுமி திரும்பியிருந்தாள். கஞ்சியை ஆற்றி, டியூப்பில் ஊற்றக் கையைக் கொண்டு போனாள். இருளாண்டி கையைத் தட்டிவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டான். கஞ்சி பாயெல்லாம் சிந்தியது.

முருகலட்சுமி ஜன்னலைப் பார்த்தாள். "மதினி, புகை ஏன் நின்னு போச்சு?"

"நான்தான் நிறுத்துனேன். அந்தப் பாவி..."

முருகலட்சுமி அவள் கையைப் பிடித்துக் கொல்லைப்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். குரலைத் தாழ்த்தினாள்.

"என்ன காரியம் பண்ணிட்டீக மதினி. ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டு மாசத்துல, இவரு டியூப்புல ஊத்தவே விட மாட்டேன்னுட்டாரு. இதுக்குச் செத்துப்போகலாம்னு கையக் காட்டுவாரு. இப்படியே விட்டா ஒடம்பு தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாக. ஒரு ஞாயித்துக்கிழமை அந்தப் புகை இங்கன அடிச்சுச்சு. கண்ண மூடிக்கிட்டு மூச்ச நல்லா இழுத்தாரு. அந்த வாசத்தோட வாசமா ஊத்துனேன். தட்டிவிடல."

பிச்சையம்மாள் பக்கத்து வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"வெக்கத்த விட்டுப் போயி மருதுபாண்டி அண்ணன்கிட்டக் கேட்டேன். அன்னைக்கே அடுப்ப இங்கன தள்ளிக் கொண்டாந்துட்டாக. ஞாயித்துக்கிழமை கோழி. மத்த நாள்ல ஒரு துண்டு ஆட்டுக் கொழுப்பையாவது வச்சு, கஞ்சி நேரத்துக்குப் புகை போட்டுருவாக. இவருக்குத் தெரிஞ்சா வீம்புக்கு வேணாம்பாரு. அதான் யாருகிட்டயும் மூச்சு விடல."

பிச்சையம்மாள் மறுபடி பக்கத்து வீட்டுக்குப் போனாள். இந்தத் தடவை கால் வேகமாக எழவில்லை.

மருதுபாண்டி அடுப்பைத் திறந்து, அடியில் பாதி எரிந்து அடைத்துக்கிடந்த குச்சிகளை அள்ளிக்கொண்டிருந்தான்.

"திரும்பப் பத்திக்குமாய்யா?"

"பத்திக்கும்க்கா. இதை அள்ளிட்டாப் போதும்."

ஒயரைச் செருகினான். கொஞ்ச நேரத்தில் குழாயிலிருந்து புகை கிளம்பி ஜன்னலுக்குள் போனது. இருவரும் அங்கேயே பார்த்துக்கொண்டு நின்றார்கள். உள்ளேயிருந்து முருகலட்சுமி, மறுபடி கஞ்சி ஊற்றி முடித்த காலிக் கிண்ணத்தைத் தூக்கிக் காட்டினாள்.

பிச்சையம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. மன்னிப்புக் கேட்டுப் பழக்கம் இல்லாதவள். என்ன சொல்வதென்று தெரியாமல் அடுப்புப் பக்கம் திரும்பினாள்.

"நான் பாட்டுக்கு நடுவுல பிடுங்கிப்புட்டேன். கோழி கெட்டுப் போச்சோ என்னமோ. ஒரு துண்டப் பிச்சு வாயில போட்டுப் பாரேன்யா."

மருதுபாண்டி தோள் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டான்.

"எம் வீட்டுக்காரி வந்து ருசி பாக்கட்டும்க்கா. நான் கறிய வாயில வச்சு நாலு மாசமாச்சு. இருளாண்டிய ஆபரேஷனுக்குத் தூக்கிட்டுப் போன அன்னைக்கே காளியம்மனுக்கு நேந்துக்கிட்டேன், அவன் வாயால திங்கிற அன்னைக்குத்தான் நானும் திம்பேன்னு."