பின் இருக்கைப் பார்வையாளர்

பாஸ் எனும் ஏரி மீனைப் பிடிக்கும் போட்டிக்குப் பார்வையாளராக டார்லா வருவது இதுதான் முதல் தடவை. வெண்டல் என்ற வீரரின் படகில் பின் இருக்கையில் உட்கார்ந்து, அவர் பிடிக்கும் மீன்களை செல்போனில் பதிய வேண்டும். தூண்டிலைத் தொடக் கூடாது, உதவவும் கூடாது.

மூடுபனிக்குள்ளிருந்து "ஏறுங்கம்மா" என்று குரல் வந்தது. ஏறிவிட்டாள். அலபாமா ஏரியின் நடுவில் படகு நின்றபோதுதான் கவனித்தாள்.

"நீங்க லைஃப் ஜாக்கெட் போடலையே?"

"எனக்கு எதுக்கும்மா அது?" சிரித்தபடி மூன்றாவது மீனைத் தூக்கிக் காட்டினார். "இதையும் சேத்துக்கோங்க."

"மத்த படகெல்லாம் எங்க? சத்தமே காணோம்!"

"வருவாங்க."

செல்போன் அடித்தது. போட்டி அலுவலர் ராய்ஸ்.

"எங்க போய்த் தொலைஞ்ச டார்லா? வெண்டல் இங்க கரையில உனக்காகக் காத்திருந்து, காபி குடிச்சுக் குடிச்சு அலுத்துட்டாரு."

"வெண்டல் படகுலதானே இருக்கேன்! மூணு மீன் பதிஞ்சாச்சு."

"காலங்காத்தால விளையாடாத. பனி விலகற வரைக்கும் யாரும் கிளம்பக் கூடாதுன்னுட்டோம். இன்னும் ஒரு படகுகூட கரையை விட்டு நகரல."

டார்லா செல்போனைக் காதிலிருந்து எடுத்தாள். "என்னைக் கரையில விட்டுடுங்க" என்றாள்.

முன்னால் நின்றவர் திரும்பாமலேயே தூண்டிலை வீசினார்.

"போட்டி முடியற வரைக்கும் பார்வையாளர் படகைவிட்டு இறங்கக் கூடாதும்மா. எத்தனை வருஷமாச்சு, என் போட்டி இன்னும் முடியலையே."