கட்டம் சார்

“கண்ணை எங்க வச்சிருக்க?”

டாக்டர் போட்ட சத்தத்தில் வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது.

இ.சி.ஜி. கோடு வரைந்திருந்த பலகை முன்னால் நின்றவள் வாயாடி. இ.சி.ஜி. பயிற்சிக்கு வந்தவர்களில் அவள்தான் எதற்கும் அஞ்சாதவள். அவளே குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

“மாரடைப்புதான் சார். கோடு மேலே தூக்கியிருக்கு.”

“எப்ப வந்தது?”

“இப்பத்தான்... புதுசு சார்.”

“தூக்கலுக்கு முன்னாடி ஒரு பள்ளம் இறங்கியிருக்கே, அது என்ன?”

“க்யூ அலை, சார்.”

“ஆழமா, அகலமா இருக்கு. அங்க தசை செத்துப்போச்சுன்னு அர்த்தம். வலி வந்த ஆளைப் பல மணி நேரம் வீட்டிலேயே வச்சிருந்துட்டு அப்புறம் தூக்கிட்டு வந்திருக்காங்க. இது தெரியலைன்னா வேற வேலை பாரு. ஃபெயில். உட்காரு!”

டாக்டருக்கு வகுப்பு வைத்த பெயர் கட்டம் சார். இ.சி.ஜி. தாளின் சின்னக் கட்டங்களில் ஒன்று பிசகினாலும் விடமாட்டார். அழுதாலும் அரை மதிப்பெண் பெயராது.

“முதல்ல இவருக்கு ஒரு இ.சி.ஜி. எடுக்கணும். உள்ள இதயம்னு ஒண்ணு இருக்கான்னு பார்ப்போம்” என்று முணுமுணுத்தபடி உட்கார்ந்தாள் வாயாடி.

பக்கத்தில் இருந்த பெரியம்மா சிரிக்கவில்லை. பலகையில் இருந்த அந்தப் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வகுப்பில் தலை நரைத்தவள் அவள் ஒருத்திதான்; அதனால் எல்லாருக்கும் பெரியம்மா.

“இந்த வயசுல உங்களுக்கு எதுக்குப் பெரியம்மா இந்தத் தலைவலி? பொழுது போகலையா?” என்று கூடப் படிப்பவர்கள் கேலி செய்வார்கள்.

“பொழுதுதான் போகவே மாட்டேங்குதேம்மா.”

கேலி செய்தவர்களுக்கு அதற்கு மேல் தெரியாது. வீட்டுக்காரரை அடக்கம் செய்த அன்று, வெளியூரிலிருந்து வந்த மகன் ஒரு வார்த்தை சொன்னான். “கொஞ்சம் முன்னாடியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா அப்பா இருந்திருப்பாரும்மா.” கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதன் பிறகு அவன் போன் செய்வது குறைந்தது. அப்புறம் வீட்டில் பேச்சுக்குரல் என்றால் ரேடியோதான்.

அவன் சொன்னது உண்மையா என்று தெரிந்துகொள்ளத்தான் பெரியம்மா படிக்க வந்தாள்.

வகுப்பு கலைந்ததும் டாக்டர் முன்னால் போய் நின்றாள்.

“சார், இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லணும்.”

வெளிச்சம் பட்டு மங்கிவிடாமல் கறுப்பு உறைக்குள் போட்டு வைத்திருந்த இ.சி.ஜி. தாளை நீட்டினாள். பெயர் இருந்த மூலை மட்டும் கிழிக்கப்பட்டிருந்தது.

“யாரோடது?”

“தெரிஞ்சவங்க. காலையில நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தாராம். ‘வாயுதான், பதறாதே’ன்னாராம். வீட்டுக்காரியும் வெந்நீர் வச்சுக் குடுத்து முதுகைத் தேய்ச்சுவிட்டுக்கிட்டே இருந்துட்டா. சாயங்காலம்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்திருக்கா. அவ செஞ்சது...”

டாக்டர் தாளைப் பார்த்தார். கறுப்பு உறையைப் பார்த்தார். கிழிந்த மூலையை விரலால் தடவினார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“காலையில வந்தது வாயுவாத்தான் இருக்கும். மாரடைப்பு ஆஸ்பத்திரி வாசல்ல வந்திருக்கு. இது புதுசு.”

“நல்லாப் பார்த்தீங்களா சார்?”

“நான் பார்த்தா தப்புமா? அந்த அம்மா மேல ஒரு தப்பும் இல்லை. போய்ச் சொல்லுங்க.”

வெடுக்கென்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டார்.

வாசலில் வாயாடி காத்திருந்தாள்.

“உங்களையும் கடிச்சுத் துப்பிட்டாரா? குடுங்க, என்னன்னு பார்க்கிறேன்.” உறையிலிருந்து உருவி வெளிச்சத்தில் பிடித்தவள் துள்ளினாள். “பெரியம்மா! இதுலயும் க்யூ இருக்கே! பலகையில இருந்ததைவிட ஆழமா! சார் என்ன சொன்னாரு?”

“புதுசுன்னாரு.”

“ஆஹா, மாட்டினாரு! என்னை ஃபெயிலாக்கினவருக்கே க்யூ தெரியலையா? வாங்க, இப்பவே போய் மூக்கை உடைச்சுட்டு வரலாம்.”

“வேண்டாம்மா. அவருக்குத் தெரியும். எனக்கும் இந்த வகுப்புக்கு வந்த முதல் மாசமே தெரிஞ்சுபோச்சு.”

“தெரிஞ்சுமா பேசாம வந்தீங்க?”

பெரியம்மா தாளை வாங்கி உறைக்குள் போட்டாள்.

“எனக்காக ஒருத்தர் பொய் சொல்லி ரொம்ப நாளாச்சும்மா.”