ஒரே மாதிரிப் பொட்டலங்கள்

"அப்போ இனிமே பவுடர் வராதா, டாக்டரம்மா?"

மாவு மில் நிழலில் உட்கார்ந்திருந்த பெண்களில் நாஃபிரிதான் முதலில் வாயைத் திறந்தாள். டாக்டர் தமந்தானிக்கு அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்கத் தெம்பில்லை.

நேற்று தலைநகர் லிலோங்வேயில் அமைச்சக அதிகாரிகள் முன்னால் பெரிய திரையில் படம் போட்டு விளக்கிவிட்டு வந்திருந்தாள். குழந்தைகளின் கஞ்சியில் கலக்கும் சத்துப் பவுடர், அவளே உருவாக்கியது. இரண்டு வருஷம் இந்த ஊரில் கொடுத்துப் பார்த்ததில் தோற்றுப் போயிற்று. "நாடு முழுக்கக் கொடுக்கலாம்னு சொன்னீங்களே மேடம்?" என்று ஒரு அதிகாரி சிரித்தபோது அவளுக்குக் காது சுட்டது. வெள்ளிக்கிழமை திட்டத்தை மூடிவிடுவார்கள். நாட்டில் எந்தப் பிள்ளைக்கும் இனி அந்தப் பவுடர் கிடையாது.

"வராதும்மா. அது வேலை செய்யல."

"வேலை செய்யலயா? நல்லா இருக்கே கதை! என் பையனைப் பாருங்க. முன்னாடி எழுந்து நிக்கவே அழுவான். இப்போ இவனைப் பிடிக்க ஆள் வைக்கணும்."

பெண்கள் சிரித்தார்கள். பையன் மில்லைச் சுற்றி ஒரு கோழியை விரட்டிக்கொண்டிருந்தான்.

"சுருக்கமா முடிங்க மேடம்" என்று காதருகில் கிசுகிசுத்தான் உதவியாளர் லிம்பானி. "இவங்களுக்கு இதெல்லாம் மண்டையில ஏறாது."

இரண்டு வருஷம் முன்பும் இதே இடத்தில் இதைத்தான் சொன்னான். அன்றைக்கு ஜீப் உறுமிக்கொண்டு நின்றது. தமந்தானியும் அவசர அவசரமாக நாலு வார்த்தை சொல்லிவிட்டு, கைநாட்டு வாங்கிக்கொண்டு ஏறிவிட்டாள். நினைத்தால் இப்போது வெட்கமாக இருந்தது. தோற்ற கதையையாவது ஒழுங்காகச் சொல்ல வேண்டும்.

தரையில் உட்கார்ந்தாள். அரைக்கக் கொண்டுவந்திருந்த சோளத்தை அள்ளி இரண்டு குவியலாக வைத்தாள்.

"இது பாதி வீடு. இவங்களுக்கு நிஜப் பவுடர். இது மீதி வீடு. இவங்களுக்கு வெறும் மாவு. பொட்டலம் ஒரே மாதிரி; யாருக்கு எதுன்னு அப்போ எனக்கே தெரியாது. நிஜப் பவுடர் தின்ன பிள்ளைங்க மட்டும் நல்லா வளர்ந்திருந்தா, பவுடர் ஜெயிச்சுதுன்னு அர்த்தம்."

"சரி."

"ஆனா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வளர்ந்திருக்கு. மாவு தின்ன பிள்ளையும் இதே மாதிரி ஓடுது. அப்போ வளர்த்தது பவுடர் இல்ல. ரெண்டு வருஷமா நல்ல மழை, வீட்டுல சோளம் இருந்துச்சு, அதான். உங்க மேல ஒரு குறையும் இல்லம்மா. மாசா மாசம் காலிப் பொட்டலத்தை ஒண்ணு குறையாம திருப்பிக் கொடுத்தீங்க. தப்பு என்னோடதுதான்."

நாஃபிரி இரண்டு குவியலையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் இருந்தவளின் தொடையைக் கிள்ளினாள்.

"நீ சொல்லுடி."

"நான் மாட்டேன்மா. நீயே சொல்லு. யோசனை உன்னோடதுதானே?"

"என்ன விஷயம்?" என்றாள் தமந்தானி.

நாஃபிரி மண்டியிட்டு, உள்ளங்கைகளைக் குவித்து மெதுவாகத் தட்டினாள். பெரியவர்களிடம் மன்னிப்புக் கேட்கும்போது அப்படித்தான்.

"பாதி வீட்டுக்கு வெறும் மாவுன்னு அன்னிக்கே சொன்னீங்க டாக்டரம்மா. எங்களுக்கு நல்லாவே புரிஞ்சுது. பக்கத்து வீட்டுப் பிள்ளை மாவைத் தின்னட்டும்னு விட்டுட்டு, தன் பிள்ளைக்கு மட்டும் சத்தை ஊட்ட இந்த ஊர்ல எவளுக்கு மனசு வரும்? உங்க ஜீப் கிளம்பினதும், எல்லாப் பொட்டலத்தையும் பிரிச்சு, இதே மில்லுல ஒரே அண்டாவுல கொட்டிக் கலந்து, ஆளுக்குச் சமமா பங்கு போட்டுக்குவோம். அப்படிச் செய்யக் கூடாதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லலையேம்மா!"