ஊசி முனையில் ஹைட்ரஜன்

மூன்று வருடமாக வாயே திறக்காத கருவி அன்று காலை பேசிவிட்டது. ஊசி முனையில் ஒட்டிய ஒற்றை வைரஸில் இருக்கும் ஹைட்ரஜன் அணுக்களை, அவற்றின் நுண்ணிய காந்த இழுப்பை வைத்தே படம் பிடிக்கும் கருவி அது. திரையில் கோடு சட்டென்று எழும்பியதும் ஆராய்ச்சி மாணவிக்குக் கண் கலங்கிவிட்டது.

"வந்துடுச்சு சார்!"

திட்டத்தை இழுத்து மூட வந்திருந்த நிதிக்குழுத் தலைவி திரையருகே குனிந்தார். "இது வைரஸ்தானா?"

"சத்தியமா வைரஸ்தான் மேடம்!" என்றார் பேராசிரியர்.

"அப்போ இன்னும் ஒரு வருஷம் நடத்துங்க."

எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தபோது, மாதிரி தயாரிக்கும் ஊழியர் குளிர்ப்பெட்டியோடு மூச்சிரைக்க உள்ளே வந்தார்.

"மன்னிச்சுக்கம்மா, பஸ் கிடைக்கல. வைரஸைக் கொண்டு வந்துட்டேன். ஒட்டிடலாமா?"

மாணவிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "நேத்தே ஒட்டலையாண்ணே?"

"நேத்து வெறும் ஊசியத்தானே மாட்டினேன்!"

பேராசிரியர் கூரையைப் பார்த்தார். பேசாமல் இருந்துவிடலாமா என்று மாணவி ஒரு கணம் நினைத்தாள். மனசு கேட்கவில்லை.

"மேடம், நாம பார்த்தது வைரஸ் இல்ல. காத்துலேர்ந்து ஊசி மேல படிஞ்ச எண்ணெய்ப் பிசுக்கு. அதுலயும் ஹைட்ரஜன் இருக்கு."

"எவ்வளவு பிசுக்கு?"

"ஒரு முடியோட தடிமன்ல பத்தாயிரத்துல ஒரு பங்குகூட இருக்காது மேடம்."

தலைவி மறுபடி திரையைப் பார்த்தார்.

"அழுக்கையே இவ்வளவு சுத்தமா காட்டுதா?" என்றார். "அப்போ ஒரு வருஷம் வேண்டாம்மா. ரெண்டா எடுத்துக்குங்க."