வெறும் நிக்கல்

"அக்கா, கரைசலுக்குள்ள தொங்குறது உங்க செலினைடு இல்ல. வெறும் நிக்கல். மாத்திப் போட்டுட்டீங்க!" என்று ஆய்வகத்தில் அவளுக்கு ஜூனியரான நஸ்ரின் சிரித்தாள். சுகிர்தாவுக்குச் சிரிப்பு வரவில்லை. திரையில் ஏறியிருந்த கோடு, மின்சாரத்தைச் சேமிக்கும் சூப்பர் கெபாசிட்டருக்காகத் தான் உருவாக்கிய செலினைடுப் பூச்சின் வெற்றி என்று வருடக்கணக்கில் அவள் காட்டிவந்த அதே கோடு. பஞ்சைப் போலத் துளைகள் நிறைந்த இந்த நிக்கல் துண்டின் மேல் எந்தப் பூச்சும் இல்லை. ஆனாலும் அது அதே அளவு மின்சாரத்தைச் சேமித்திருந்தது. அப்படியென்றால் பூச்சு எதையுமே செய்யவில்லை. "மிஷின் கோளாறா இருக்கும்க்கா" என்றாள் நஸ்ரின், இப்போது மெதுவாக. சுகிர்தா துண்டைக் கழுவித் துடைத்துப் புதுக் கரைசலில் இறக்கினாள். கோடு மறுபடியும் எழுந்தது. "ஏறாத" என்று அதனிடம் கெஞ்சினாள். "நீ வெறும் நிக்கல்தான? உங்கிட்டதான் ஒண்ணும் இல்லயே." கதவைத் தள்ளிக்கொண்டு அவளுடைய ஆய்வு வழிகாட்டி உள்ளே வந்தார். திரையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "உன் செலினைடு பிரமாதம்மா! நாளைக்கு பிஎச்.டி. வைவால இதத்தான் முதல்ல காட்டணும். எங்க, கரைசல்ல தொங்குற அந்த எலெக்ட்ரோடக் காட்டு, பாப்போம்." சுகிர்தா கண்ணாடிக் குடுவையை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள்.