நம்பர் வரும் வரை

"மெஷினைத் தொடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது" என்று கேட்டபடி, பெரியவரின் கையிலிருந்த சாப்பாட்டுப் பெட்டியைச் சூப்பர்வைசர் வாங்கிக்கொண்டார். பெரியவர் வீங்கிய முழங்காலைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்.

காலையிலிருந்து இரண்டு லாரி மூட்டை இறக்கியாயிற்று. இன்னும் இரண்டு வாசலில் நின்றன. அந்தக் கிடங்கில் மூட்டை சுமக்கும் ஆறு பேரில் அவர்தான் மூத்தவர். வேலை நடுவே ஒருமுறை உட்கார்ந்துவிட்டால் மறுநாள் வர வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். மதியம் கிடைக்கும் இருபது நிமிட ஓய்வை நம்பித்தான் அந்தக் கால் சாயங்காலம் வரை நடந்தது.

இருந்தது ஒரே ஒரு மைக்ரோவேவ் அடுப்பு. வரிசையில் நிற்பதிலேயே ஓய்வு போய்விடுகிறது என்று ஆட்கள் முறையிட்டதால், கடைசிப் பெட்டி சூடாகி வெளியே வந்த பிறகுதான் இருபது நிமிடம் தொடங்கும் என்று முதலாளி சுவரில் எழுதி ஒட்டியிருந்தார்.

உடனே சூப்பர்வைசரும் தன் பங்குக்கு ஒரு சட்டம் போட்டார். இஷ்டத்துக்கு நிமிடம் வைக்கக் கூடாது, சென்சார் பொத்தான் மட்டும்தான். ஃபிரிட்ஜிலிருந்து பெட்டியை எடுப்பது, உள்ளே வைப்பது, பொத்தானை அழுத்துவது எல்லாம் அவரே.

பெட்டியிலிருந்து ஆவி கிளம்பியதும் மெஷின் தானே மோப்பம் பிடித்து, இன்னும் இத்தனை விநாடி என்று நம்பர் காட்டும். அதுவரை கதவைத் திறக்கக் கூடாது. நம் நிமிடத்தைப் பிடுங்க வந்த மனுஷன் என்று சூப்பர்வைசருக்குக் 'கடிகாரம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவரும் ஒரு காலத்தில் மூட்டை சுமந்தவர்தான், நாற்காலி கிடைத்ததும் முதுகு மறந்துபோச்சு என்பான் ஆறு பேரில் ஒருவனான நெட்டையன்.

"நம்ம வேர்வைய மோந்து பாக்குற மெஷின் ஒண்ணு இருந்தா, இந்நேரம் நம்மள வீட்டுக்கு அனுப்பியிருக்கும்" என்றான் இன்றைக்கு. சிரிக்கக்கூட யாருக்கும் தெம்பில்லை.

ஒவ்வொரு பெட்டியும் இரண்டு நிமிடத்தில் வெளியே வந்தது. எல்லாமே கம்பெனி கொடுத்த ஒரே மாதிரி நீலப் பெட்டிகள். லாரி டிரைவர்களின் பெட்டிகளும் அதில் கலந்துவிடும். கடைசிப் பெட்டியை உள்ளே வைத்துப் பொத்தானை அழுத்திய சூப்பர்வைசர், ஈர விரல்களைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு, தன் ரொட்டியை நின்றபடியே கடிக்கத் தொடங்கினார். அவர் சாப்பாடு கட்டிக்கொண்டு வருவதே இல்லை.

இரண்டு வாரமாக இந்தக் கடைசிப் பெட்டி மட்டும் பத்து நிமிடத்துக்குக் குறையாமல் சுற்றியது. அதற்குள் மற்றவர்கள் சாப்பிட்டு முடித்து, சுவரில் சாய்ந்து கண்ணை மூடிவிடுவார்கள். அது வெளியே வருவதை யாரும் பார்த்ததில்லை. தானாக வந்த ஓய்வின் ஊர் பேரை யார் விசாரிப்பார்கள்?

பெரியவருக்கு மட்டும் ஒரு சந்தேகம் உண்டு. தன் கால் படும் பாட்டைப் பார்த்து, இந்தப் பிள்ளைகளில் எவனோ ஏதோ செய்கிறான். கேட்டால் நின்றுபோய்விடும் என்று கேட்காமல் இருந்தார்.

இன்று மேனேஜரே மாடியிலிருந்து இறங்கி வந்துவிட்டார். இரண்டு வாரமாக மதிய லாரிகள் ஏன் தாமதமாகக் கிளம்புகின்றன என்று கேட்டார். அவர் பார்வை அடுப்பின் மேல் போய் நின்றது. மஞ்சள் வெளிச்சத்தில் பெட்டி சுற்றிக்கொண்டிருந்தது. நம்பர் வரவில்லை.

மெஷின் பழுதா என்று கேட்டார். இல்லை என்றார் சூப்பர்வைசர். அப்படியானால் திற என்றார்.

"நம்பர் வர்றதுக்குள்ள திறந்தா சென்சார் குழம்பிடும் சார்."

"இவ்வளவு நேரமா? உள்ள என்ன, செங்கல்லா வேகுது?"

இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு சூப்பர்வைசரை ஒதுக்கிவிட்டுத் தானே கதவைத் திறந்து, பெட்டியின் மூடியைத் தூக்கினார்.

உள்ளே சாப்பாடு இல்லை. பாதி கரைந்த ஐஸ் கட்டி ஒன்று தண்ணீரில் மிதந்தது.

ஐஸ் உருகி, தண்ணீர் காய்ந்து, ஆவி வரும் வரை மெஷின் மோந்துகொண்டே கிடக்கும் என்பது அவருக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை. இதை வைத்தவன் இப்போதே சட்டையை மாட்டிக்கொண்டு போகலாம், இனி இந்த வாசலை மிதிக்கக் கூடாது என்றார். குரலை உயர்த்தவே இல்லை. யாரென்று தெரியாவிட்டால் ஆறு பேருமே போகலாம் என்றார்.

நெட்டையன் தரையைப் பார்த்தான். மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லார் கண்ணிலும் 'நீயா?' என்பதுதான் இருந்தது.

பெரியவர் யோசித்தார். எப்படிப் பார்த்தாலும் தன் கால் இன்னும் ஒரு வருடம் தாங்கினால் பெரிது. இந்தப் பிள்ளைகள் முப்பது வருடம் சுமக்க வேண்டியவர்கள். சுவரைப் பிடித்து மெல்ல எழுந்தார்.

"நான்தான் வச்சேன் சார்."

மேனேஜர் வாசலைக் காட்டினார். சூப்பர்வைசர் மிச்ச ரொட்டியை அடுப்பின் மேல் வைத்துவிட்டு, இருவருக்கும் நடுவில் வந்து நின்றார்.

"அவரு உக்காரட்டும் சார். பெட்டி என்னோடது."