நாற்பத்தோராம் எழுத்து

“இந்தக் கலியாணம் சரிவராது, கொன்ஸ்ரன்ஸ். உங்கட மகளின்ர இரத்தத்தில பிழை கிடக்கு” என்றார் டொக்டர் றேமண்ட்.

வெள்ளவத்தையில் அவர் நடத்திவந்த பரிசோதனைக்கூடத்தின் ஒளிப்பெட்டி மீது, எக்ஸ்ரே படம் போன்றதொரு பிலிம் கிடந்தது. அதில் ஏணிப்படிகளாகக் கறுப்புக் கோடுகள். கோட்டுக்கு ஓர் எழுத்தாகக் கீழிருந்து மேலே மரபணுவை வாசிக்க வேண்டும். இந்நாளில் இதை இயந்திரமே வாசித்துவிடும். டொக்டரோ தம் கண்களைத் தவிர வேறெதையும் நம்புவதில்லை.

அவருடைய மகன் றொஹானுக்கும் கொட்டாஞ்சேனை மிதுனாவுக்கும் மாதா கோயிலில் கலியாண அறிவிப்பு ஓலை இரண்டு ஞாயிறு வாசித்தாயிற்று. மூன்றாவது, வரும் ஞாயிறு. அதற்குள் வருங்கால மருமகளையும் ஒருமுறை வாசித்துவிட அவர் விரும்பினார்.

“இது கொன்ரோல். சுகமான ஆளின்ர இரத்தம். எல்லாரையும் இதோட வச்சுத்தான் ஒப்பிடுறது. நாற்பத்தோராம் எழுத்து இதில ஜீ. உங்கட பிள்ளைக்கு ஏ.”

“ஒரே ஒரு எழுத்துத்தானே, டொக்டர்?” என்றார் மிதுனாவின் தாய் கொன்ஸ்ரன்ஸ். “மூண்டாவது ஓலை நிண்டா, பிள்ளைக்கு என்ன வருத்தம், என்ன நோயெண்டு கொட்டாஞ்சேனை முழுக்கக் கேக்குமே!”

“கேக்கட்டும். ஒரு எழுத்தெண்டாலும் பரம்பரை பரம்பரையாப் போகும். என்ர வீட்டுக்குள்ள அது வரக்கூடாது. றொஹானோட நான் கதைக்கிறன்.”

அறுபத்தொரு வயதுவரை ஒரு பனடோல் மாத்திரையையேனும் விழுங்கியறியாதவர் அவர். பிறருடைய நோய்களை ஒழுக்கக்கேட்டின் ஒரு வகையாகவே கருதிவந்தார்.

உதவியாளர் சுரேகா மெல்லக் கனைத்தாள்.

“சேர், ஒரு சந்தேகத்தில இன்னும் ஆறு பேரின்ர இரத்தத்தையும் இதே பிலிமில பக்கத்தில ஓடவிட்டனான். ஆறு பேருக்கும் அந்த இடத்தில ‘ஏ’தான்.”

“ஆர் அந்த ஆறு பேர்?”

“இரத்மலானையில மூண்டு பேர், புதுக்கடையில ரெண்டு பேர். ஆறாவது நான்.”

டொக்டர் அவளைச் சற்று இரக்கத்தோடு பார்த்தார். “கண்டீங்களா கொன்ஸ்ரன்ஸ்? கொழும்பே பழுதாப் போச்சு.”

“உலகம் முழுக்கப் பாவிக்கிற பொது மரபணு வரிசையிலயும் தேடிப் பார்த்தனான், சேர். அதிலயும் ‘ஏ’தான்.”

இம்முறை டொக்டர் ஒரு கணம் யோசித்தார்.

“அப்ப வெள்ளைக்காரரும் இந்தப் பிழையில இருந்து தப்பேல்லை.”

சுரேகா தன் குறிப்பேட்டை மூடினாள். மாதச் சம்பளம் வாங்குபவர்களுக்குச் சில முடிவுகளை வாசிக்கத் தெரியும். வாய்விட்டு வாசிக்க முடியாது.

கொன்ஸ்ரன்ஸ் கண்களைத் துடைத்துக்கொண்டு ஒளிப்பெட்டியின் மேல் குனிந்தார். விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார்.

“எட்டுப் பேரில ஏழு பேருக்கு ஒரே மாதிரி. ஒராளுக்கு மட்டும்தான் கோடு விலகி நிக்குது. அந்தச் சுகமான ஆள் ஆர், டொக்டர்?”

டொக்டர் றேமண்ட் வெள்ளைக் கோட்டின் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டு, பெருமிதத்தோடு நிமிர்ந்தார்.

“நான்தான்.”